முறுக்குத் தட்டுக்கு அப்பால்: இனப்பாகுபாடு பற்றி நாம் எழுதும் கட்டுரைகள்



முதலில் ஒரு கட்டுரையைச் சொல்கிறேன். எங்கேயோ படித்த மாதிரி இருக்கும். தீபாவளி காலை. அம்மா தட்டில் முறுக்கும் அதிரசமும் அடுக்குகிறார். பிள்ளை அதைப் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவுக்கும் எதிர்வீட்டு மலாய்ப் பாட்டிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். சீனப் புத்தாண்டுக்குத் தாத்தா ஆரஞ்சு தருகிறார். நோன்புப் பெருநாளுக்குப் பாட்டி கெத்துப்பாட் தருகிறார். நடுவில் ஒருநாள் தாத்தா மின்தூக்கி வாசலில் மயங்கி விழுகிறார். பிள்ளை ஆம்புலன்சை அழைக்கிறான். "இன வேற்றுமை மறந்து ஒற்றுமையாக வாழ்வோம்" என்று கட்டுரை முடிகிறது.

இதில் பொய் ஒன்றும் இல்லை. நம் புளோக்குகளில் இப்படி நடக்கத்தான் செய்கிறது. என் குறை வேறு. நான் கேட்ட கேள்வி, "இனப்பாகுபாடு ஒருவரின் கல்வியையும் வருமானத்தையும் எப்படிப் பாதிக்கிறது? விளக்கி எழுதுக" என்பது. வந்த பதில் முறுக்கு! பத்துத் தாள் திருத்தினால் ஏழெட்டில் இதே தட்டுதான். கேட்ட கேள்விக்கும் எழுதிய பதிலுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? இந்தக் கட்டுரையில் அதைத்தான் ஆராயப் போகிறேன். குற்றவாளிக் கூண்டில் மாணவர் மட்டும் இல்லை. நானும் நிற்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இதே தலைப்பில் வேறு மாதிரி எழுதினாள். அவளுடைய அண்ணன் பட்டயப் படிப்பு முடித்து வேலை தேடுகிறான். விளம்பரம் விளம்பரமாகப் பார்க்கிறான். பாதி இடங்களில் 'மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்' என்று இருக்கிறது. "எங்கள் வீட்டில் கணினியை மூடிவிட்டு அண்ணன் சும்மா உட்கார்ந்திருப்பான்" என்று எழுதியிருந்தாள். நடை சுமார்தான், இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை. ஆனால் வகுப்பிலேயே கேள்விக்குப் பதில் சொன்ன ஒரே தாள் அது. நான் சிவப்பு மையில் என்ன எழுதினேன் தெரியுமா? "குறை கூறும் தொனி வேண்டாம். நல்லிணக்கத்தை வலியுறுத்தி எழுது." அடுத்த கட்டுரையில் அவளும் முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மதிப்பெண்ணும் கூடியது.

யோசித்துப் பாருங்கள். கண்ணால் கண்டதை எழுதினால் மதிப்பெண் குறையும், எல்லாரும் எழுதுவதை எழுதினால் கூடும் என்று அன்றைக்குப் பாடம் நடத்தியது நான்தான்.

இப்போது கட்டுரைகளுக்கு வருவோம். நம் மாணவர் எழுதுவதில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் குறை: இனப்பாகுபாடு என்றால் ஏச்சுப்பேச்சு மட்டும்தான் என்று நினைப்பது. கேலி செய்தான், நிறத்தைச் சொல்லிச் சிரித்தான், பேருந்தில் எழுந்து போய்விட்டார். இவை வலிக்கும், சந்தேகமில்லை. ஆனால் கேள்வி கேட்பது வருமானத்தையும் கல்வியையும். அங்கே பெரும்பாலும் ஏச்சே இருக்காது. மரியாதையான குரலில் ஒரு 'இல்லை' இருக்கும். "வீடு வேறு ஒருவருக்குப் போய்விட்டது." "உங்கள் விவரத்தை வைத்திருக்கிறோம், கூப்பிடுகிறோம்." யாரும் திட்டவில்லை. ஆனாலும் கதவு மூடிவிட்டது.

இரண்டாவது குறை: 'பாதிக்கப்படுகின்றனர்' என்ற சொல்லோடு நிறுத்திவிடுவது. எப்படி? எவ்வளவு? யாருக்கு? எத்தனை நாள்? ஒன்றுக்கும் பதில் இல்லை.

மூன்றாவது குறை: எந்த நோய்க்கும் ஒரே மருந்து. "நாம் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும்." புரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் வாடகை வீட்டு உரிமையாளர் புரிந்துகொள்ளும்வரை ஒரு குடும்பம் எங்கே படுக்கும்?

இந்த மூன்றையும் சரிசெய்ய விவரம் வேண்டும். விவரம் இல்லாத இடத்தில்தான் முறுக்கு வந்து உட்காருகிறது. அதனால் கொஞ்சம் விவரம் பார்ப்போம்.

பாகுபாட்டில் எழுதிய கதவு ஒன்று, எழுதாத கதவு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். எழுதிய கதவுக்குத் தமிழருக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு இலங்கை. 1970களின் தொடக்கத்தில் அங்கே பல்கலைக்கழக அனுமதிக்குத் 'தரப்படுத்தல்' கொண்டுவந்தார்கள். 1971இல் மருத்துவம் படிக்கத் தமிழ் மொழிவழி மாணவருக்கு 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழிவழி மாணவருக்கு 229 போதும் என்ற நிலை இருந்தது. அந்த 21 புள்ளியில் எத்தனை இளையரின் படிப்பும் பிழைப்பும் மாறின! அங்கே பாகுபாடு ஓர் எண்ணாக இருந்தது. யாரும் சுட்டிக்காட்டலாம்.

சிங்கப்பூரில் அப்படி ஒரு எண் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. அரசாங்க வேலை நியமனத்தில் இனம், சமயம், பரம்பரை, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. நாம் பெருமைப்படலாம். ஆனால் தனியார் முதலாளியும் வீட்டு உரிமையாளரும் மனத்துக்குள் போட்டுவைத்திருக்கும் கோட்டை அந்தப் பிரிவு நேரடியாகத் தொடுவதில்லை. எழுதாத கதவு அங்கேதான் இருக்கிறது.

"சார், இதெல்லாம் எழுதினால் பிரச்சினை ஆகாதா?" என்று மாணவர் கேட்கிறார்கள். ஆகாது. நாட்டின் தலைவர்களே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். 2021 ஜூனில், அப்போது நிதியமைச்சராக இருந்த திரு லாரன்ஸ் வோங், இனவாதம் பற்றிய ஒரு கருத்தரங்கில், பெரும்பான்மையினராக இருப்பதைவிடச் சிறுபான்மையினராக இருப்பது கடினம் என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், வேலை தேடும்போதும் வாடகைக்கு வீடு தேடும்போதும் சிறுபான்மையினர் படும் சிரமத்தைக் குறிப்பிட்டார். வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிரான வழிகாட்டி நெறிகளுக்குச் சட்ட வலு தரப்போவதாகவும் அறிவித்தார். அதன்படி வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனம், சமயம், மொழித்திறன், வயது, பாலினம், உடற்குறை முதலியவற்றைக் காரணம் காட்டி வேலை விஷயத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம்.

இந்தச் சட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ வேண்டாம். கட்டுரையில் எடைபோட்டுப் பாருங்கள். 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதல் கட்டத்தில் விலக்கு உண்டு. வாடகை வீட்டுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. வேலைக்கு உண்மையிலேயே ஒரு மொழி தேவை என்றால் அதைக் கேட்கலாம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் மாணவர் நிதானம் காட்ட வேண்டும். மாண்டரின் கேட்டாலே இனவாதம் என்று எழுதினால் தேர்வாளர் நம்ப மாட்டார். சீன முதியவர் நிறைய வரும் இடத்தில் தாதிக்கு மாண்டரின் தெரிந்தால் நல்லது. நம் தாத்தா பாட்டிக்குத் தமிழ் தெரிந்த தாதி வேண்டும் என்று நாமும் ஆசைப்படுகிறோமே. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த மொழி இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாதா? ஆவணம் எல்லாம் ஆங்கிலம், வாடிக்கையாளர் பேசுவது ஆங்கிலம், கூட வேலை செய்பவர்கள் மதியம் சாப்பிடும்போது பேசுவது மட்டும் மாண்டரின் என்றால், அங்கே மொழி என்பது இனத்துக்குப் போட்ட திரை.

வெறும் பெயரே கதவை மூடுமா? மூடும் என்று அமெரிக்காவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். சிலவற்றில் வெள்ளையர் பெயர், சிலவற்றில் கறுப்பர் பெயர். 2004இல் முடிவு வெளிவந்தது. வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பர் பெயருக்குப் பதினைந்துக்கு ஓர் அழைப்பு. இன்னொரு முடிவு ஆசிரியர்களுக்கு முக்கியம். கூடுதல் தகுதியும் அனுபவமும் சேர்த்தபோது வெள்ளையர் பெயருக்கு அழைப்பு நன்றாகவே கூடியது. கறுப்பர் பெயருக்கு அந்த அளவு கூடவில்லை. அதாவது, ஒரே முயற்சிக்கு ஒருவருக்கு முழுக்கூலி, இன்னொருவருக்கு அரைக்கூலி. "படி, படி" என்று நாம் சொல்கிறோம். படித்தும் கிடைக்காது என்று அக்காவையும் அண்ணனையும் பார்த்தே ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால் அந்தச் சொல் காதில் ஏறுமா? வேலைச்சந்தையில் மூடும் கதவின் சத்தம் வகுப்பறைவரை கேட்கிறது.

வீட்டு விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு வீவக புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைத்தது. ஒரே இனம் ஒரே பேட்டையில் குவியக்கூடாது என்பது நோக்கம். முறுக்குத் தட்டு கைமாறுவதற்கே அந்தக் கொள்கைதான் வழிசெய்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே இருக்கும் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் தொகை சுருங்குகிறது. விலையைக் குறைக்க வேண்டி வரலாம், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். அரசாங்கமே இந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டு, மிகவும் சிரமப்படும் சிலரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் அறிவித்தது. நல்ல நோக்கமுள்ள கொள்கையும் ஒரு பிரிவினர் தோளில் சற்றுக் கூடுதலாகச் சுமை ஏற்றலாம் என்று மாணவர் எழுதினால், அது முதிர்ச்சியான சிந்தனை. யாரையும் திட்ட வேண்டிய தேவையே இல்லை.

இனி பள்ளிக்கூடம். இதைப் பேச ஒருமுறை லிட்டில் இந்தியாவுக்கு வாருங்கள். தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் நேரே நடந்தால் பீட்டி ரோடு வரும். அங்கே உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. அதன் பக்கத்தில் சிண்டா. இந்த இரண்டு கட்டடமும் ஒரு வரலாறு சொல்கின்றன.

உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. தமிழிலேயே உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி அது. யாரும் பூட்டுப் போட்டு விரட்டவில்லை. நல்ல வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று ஆனபின் பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினர். தமிழ்வழி படித்தவருக்குச் சம்பளம் தரும் கதவுகள் குறைந்துகொண்டே போயின. வருமானம் எந்தப் பக்கம் போகிறதோ பள்ளியும் அந்தப் பக்கம் போகும் என்பதற்கு இதைவிட அருகில் எடுத்துக்காட்டு கிடைக்காது.

சிண்டாவின் கதை அடுத்த அத்தியாயம். 1980களின் இறுதியில் இந்திய மாணவரின் தேர்ச்சி பின்தங்கியிருந்தது. அதை ஆராய நடவடிக்கைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1991இல் அதன் அறிக்கை வந்தது, சிண்டாவும் பிறந்தது. இன்றும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து, வருமானத்துக்கு ஏற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை மத்திய சேமநிதி வழியாக அதற்குப் போகிறது. துணைப்பாட வகுப்பில் உட்கார்ந்து கணக்கில் தேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். 'இந்தியர் பின்தங்கினர்', 'மலாய்க்காரர் பின்தங்கினர்' என்று இனவாரியாகவே பேசிப் பழகும்போது, இனமே காரணம் என்று பிள்ளை நினைத்துவிடாதா? ஓரறை வாடகை வீட்டில் ஐந்து பேரோடு படிக்கும் சீனப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் கணக்கு ஒரே காரணத்தால்தான் தடுமாறும். மேசை இல்லை, அமைதி இல்லை, கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வசதியுள்ள இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளின் மதிப்பெண் சேர்ந்து இனத்தின் சராசரி உயர்ந்துவிட்டால், அந்த வாடகை வீட்டுப் பிள்ளை கண்ணுக்கே தெரியாமல் போவான். சராசரியைப் பார்த்து மகிழ்கிறவர் அவனைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. 1979இல் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள், பழைய சீனப் பள்ளிகளின் மரபைக் காப்பவை. அந்த நோக்கம் மதிக்கத்தக்கது. அங்கே தாய்மொழிப் பாடமாகச் சீனம் மட்டுமே உண்டு. ஆகவே தமிழை எடுக்கும் பிள்ளை எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும், பெயர்பெற்ற சில பள்ளிகள் அவன் பட்டியலிலேயே வருவதில்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இழப்புதான். பக்கத்து மேசையில் ஒரு தமிழ் மாணவன் இல்லாமலே அவர்கள் நான்கு ஆண்டு படிக்கிறார்கள். நாளைக்கு நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் உட்காரப்போவதும் அவர்களில் சிலர்தானே.

ஆசிரியர்களே, நம் வாயையும் கொஞ்சம் கவனிப்போம். "கணக்கு நம்ம ஆளுங்களுக்கு வராது" என்று ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். சொன்னவர் தமிழர். மலாய்ப் பிள்ளைகளைப் பற்றியும் இதே தொனியில் பேசுகிறோம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்குக் கடினமான கணக்கைக் கொடுக்கவே மாட்டோம். கொடுக்காத கணக்கை அவன் எப்படிப் போடுவான்?

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவையும் நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர் கூட்டமாக இருந்தால் "இன்னைக்கு அந்தப் பக்கம் போகாதே" என்கிறோம். 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ்கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு கூடியது. அவர்களில் பலர் பேசுவது நம் தமிழ். நிறமும் நம் நிறம். இருந்தும் எம்ஆர்டியில் பக்கத்து இருக்கையில் அவர் உட்கார்ந்தால் நகர்ந்துகொள்கிற தமிழரும் உண்டு. பாகுபாட்டைப் பற்றி எழுதும் கை, தான் மூடிய கதவையும் எழுத வேண்டும். அப்போதுதான் அது புலம்பலாகத் தெரியாது.

சரி, இதையெல்லாம் தேர்வுத் தாளில் எப்படிக் கொண்டுவருவது? ஒரே கருத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். இரண்டும் நான் அமைத்த எடுத்துக்காட்டுகள்தான்.

முதலாவது: "இனப்பாகுபாட்டினால் மக்கள் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். அவர்களுக்கு வேலை கிடைப்பதில்லை. அதனால் மனவேதனை அடைகின்றனர். ஆகவே அனைவரையும் சமமாக நடத்த வேண்டும்."

இரண்டாவது: "ஒரு நிறுவனம் கணக்காளரைத் தேடுகிறது. அதன் கணக்கேடுகள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. ஆனாலும் மாண்டரின் தெரிய வேண்டும் என்று விளம்பரம் சொல்கிறது. கணக்கியல் படித்த ஒரு தமிழ்ப் பெண் அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே விடுகிறார். சில மாதம் கழித்துக் குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போகிறார். மத்திய சேமநிதிச் சந்தா சம்பளத்தின் விழுக்காடு என்பதால் சேமிப்பும் குறைகிறது. சொந்த வீடு வாங்கும் நாள் தள்ளிப்போகிறது. நாளை அவருடைய பிள்ளைக்குத் துணைப்பாட வகுப்பு வைப்பதா வேண்டாமா என்பதையும் அந்த ஒரு வரி விளம்பரம் பாதி தீர்மானித்துவிட்டது."

இரண்டாவதில் அலங்காரச் சொல் உண்டா? பழமொழி உண்டா? இல்லை. ஒரு கதவு இருக்கிறது. அது எப்படி மூடியது என்பது இருக்கிறது. முதல் இழப்பும் அடுத்த தலைமுறைவரை போகும் இழப்பும் இருக்கின்றன. மாணவர்களே, இந்த நான்கையும் வரிசையாக எழுதிப் பழகுங்கள். பிறகு 'வேறு காரணம் இருக்கலாமா?' என்று ஒரு பத்தி எழுதுங்கள். மூடியது எந்தக் கதவோ அதற்குப் பொருந்தும் தீர்வைச் சொல்லுங்கள். விளம்பரத்தில் சிக்கல் என்றால் விளம்பர விதி, வாடகையில் சிக்கல் என்றால் வாடகை விதி, எதிர்பார்ப்பில் சிக்கல் என்றால் ஆசிரியர். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வேண்டாம்.

வகுப்பில் செய்ய எளிய பயிற்சி ஒன்று உண்டு. வேலை விளம்பரம் ஐந்தாறு எடுத்து, நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டுக் குழுவாரியாகக் கொடுங்கள். "இதில் எந்த நிபந்தனை வேலைக்குத் தேவை, எது தேவையில்லை, ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். தமிழில் வாதாடட்டும். நீங்கள் நடுவே புகுந்து நல்லுரை சொல்லிவிடாதீர்கள்.

முறுக்குத் தட்டை நான் வெறுக்கவில்லை. ஜூலை 21ஆம் தேதியை இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறோம். 1964இல் அதே நாளில் வெடித்த கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள் என்பதால்தான் அந்தத் தேதி. நல்லிணக்கத்தின் அருமை நமக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்கிறேன், மூடிய கதவைப் பற்றிப் பேசத் தெரியாத பிள்ளைக்கு அதைத் திறக்கவும் தெரியாது. தட்டை நீட்டும் அதே அண்டை வீட்டாரிடம், "உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களே, மாண்டரின் கண்டிப்பா வேணுமா அங்கிள்?" என்று கேட்கும் தைரியமும் நல்லிணக்கத்தில் சேர்த்திதான்.

அந்த மாணவியின் தாள் என்னிடம் இல்லை. இருந்தால் அந்தச் சிவப்பு வரியை அடித்துவிட்டு, "அண்ணன் கணினியை மூடிய பிறகு என்ன நடந்தது? இன்னும் எழுது" என்று எழுதியிருப்பேன். இந்த வாரம் உங்கள் மேசைக்கு வரும் கட்டுக்குள்ளும் அப்படி ஒரு தாள் இருக்கலாம். பேனாவைத் திறக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள்.